மகள் பப்ளிக் ஹெல்த் படிக்கப் போகிறேன் என்றாள், நான் கால்குலேட்டரை எடுத்தேன்

2025 ஏப்ரலில் ஒரு நாள் ராத்திரி, எங்கள் மூத்தவள் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அம்மா, நான் பப்ளிக் ஹெல்த்தான் எடுக்கப் போறேன்" என்றாள். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பா, "டாக்டர் படிப்புக்கு முன்னாடி படிக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "அப்ப நர்ஸிங் மாதிரியா?" அதுவும் இல்லை. மறுநாள் தூத்துக்குடிக்கு போன் போட்டு மாமனாரிடம் சொன்னபோது, "தண்ணித் தொட்டியைத் திறந்து பார்க்க, கொசு மருந்து அடிக்க தெருவுக்கு வருவாரே ஹெல்த் இன்ஸ்பெக்டர், அந்த வேலையா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஊர் மக்களுக்கு நோய் வராமல் பார்த்துக்கொள்வது பற்றிய படிப்பு அது. இப்போது யோசித்தால், எங்களில் அதைக் கிட்டத்தட்ட சரியாகப் பிடித்தவர் அவர்தான்.

நான் நியூ ஜெர்சி எடிசனில் ஒரு பல் மருத்துவரிடம் பில்லிங் பார்க்கிறேன். மொத்தம் எவ்வளவு, இன்சூரன்ஸ் எவ்வளவு தரும், மிச்சம் யார் தலையில் விழும், பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. கல்லூரிக் கணக்கையும் அதே கண்ணோடு பார்த்தேன். போன மாதம் பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் புளியோதரைக்கு நிற்கும்போது இரண்டு அம்மாக்கள், பப்ளிக் ஹெல்த் படிப்புக்கு எவ்வளவு கடன் வாங்கலாம் என்று கேட்டார்கள். வரிசையில் நின்று சொல்லி முடிகிற கணக்கு இல்லை இது, அதனால் எழுதுகிறேன். கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ள பிள்ளைக்கான கணக்கு இது. வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு அமெரிக்க மத்திய அரசின் மாணவர் கடன் கிடையாது. அது வேறு வயிற்றெரிச்சல், வேறு நாள் பேசலாம்.

வேலையின் பெயரைக் கேளுங்கள்

"பப்ளிக் ஹெல்த் படித்தால் என்ன சம்பளம் வரும்?" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. நர்ஸிங் படித்தவர் நர்ஸ் ஆவார், அக்கவுன்டிங் படித்தவர் கணக்கு பார்ப்பார். பப்ளிக் ஹெல்த் படித்தவர் எந்த மேசையில் போய் உட்காருவார் என்பது அவர் கையிலும் அதிர்ஷ்டத்திலும் இருக்கிறது. ஆகவே பிள்ளையிடம் படிப்பின் பெயரை விட்டுவிட்டு வேலையின் பெயரைக் கேளுங்கள்.

என் மகள் ஒரு தனியார் கல்லூரியின் வழவழப்பான பிரசுரத்தை நீட்டினாள். "எங்கள் பட்டதாரிகள் செல்லும் துறைகள்" என்ற தலைப்பில் முதல் இரண்டு: எபிடெமியாலஜிஸ்ட் (நோய் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்பவர்), மருத்துவமனை மேலாளர். உட்கார்ந்து தேடினேன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி எபிடெமியாலஜிஸ்ட்டின் ஆண்டுச் சம்பளம் சுமார் 84,000 டாலர், சுகாதாரச் சேவை மேலாளருக்குச் சுமார் 1,18,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே போனால், எபிடெமியாலஜிஸ்ட் வேலைக்கு வழக்கமாக முதுகலைப் பட்டம் வேண்டும் என்று போட்டிருக்கிறது. மேலாளர் வேலைக்குச் சில வருட அனுபவம் வேண்டும். இளங்கலை முடித்த கையோடு கிடைக்கிற வேலைகள் வேறு: சமூக சுகாதாரப் பணியாளருக்குச் சுமார் 51,000, சுகாதாரக் கல்வியாளருக்குச் சுமார் 63,000. ஒப்பிட்டுப் பார்க்க, அதே நான்கு வருடத்தில் முடிகிற நர்ஸிங்குக்கு 93,600.

இதெல்லாம் மீடியன் எண்கள். அந்த வேலையில் இருக்கிற எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால், நட்ட நடுவில் நிற்கிற ஆளின் சம்பளம். அவர் பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்தவராக இருக்கலாம். 22 வயதில் உள்ளே நுழைகிற உங்கள் பிள்ளை வரிசையின் வால் பக்கம்தான் நிற்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் இதே படிப்பை முடித்துவிட்டு, ஒரு லாப நோக்கற்ற அமைப்பில் 46,000 டாலருக்குச் சேர்ந்தாள். அந்த 46,000ஐத்தான் நான் கணக்குக்கு எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று, பட்டத்தோடு சேர்த்து எந்த லைசென்ஸுக்கு வழி திறக்கிறது என்று பாருங்கள். நியூ ஜெர்சியில் ஹோட்டல் சமையலறை, நீச்சல் குளம், செப்டிக் டேங்க் எல்லாம் சோதிக்கிற அதிகாரிக்கு ஒரு லைசென்ஸ் உண்டு. நம் ஊர் ஹெல்த் இன்ஸ்பெக்டர் மாதிரிதான். அதற்கு இளங்கலைப் பட்டத்தோடு அறிவியல் பாடங்களில் 32 கிரெடிட் வேண்டும். சமூகவியல், கொள்கை என்று பாடம் எடுத்துக்கொண்டே போகிற பிள்ளைக்கு இந்த 32 தேறாது. சுகாதாரக் கல்வியாளர் சான்றிதழ்த் தேர்வுக்கும் அது சார்ந்த பாடங்களில் 25 கிரெடிட் கேட்கிறார்கள். பாடம் தேர்ந்தெடுக்கிற முதல் வருடத்திலேயே இதைப் பார்த்துவிட்டால் செலவு ஒரு காசு கூடாது. மூன்றாம் வருடம் பார்த்தால் ஒரு செமஸ்டர் பணம் போகும்.

ஸ்கோர்கார்டில் இல்லாதவர்கள்

மத்தியக் கல்வித் துறை காலேஜ் ஸ்கோர்கார்டு என்று ஒரு தளம் நடத்துகிறது. இலவசம். கல்லூரி பெயரைப் போட்டு, படிப்பைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் கல்லூரியில் அந்தப் படிப்பை முடித்தவர்களின் மீடியன் சம்பளமும் மீடியன் கடனும் வரும். கல்லூரிக்குக் கல்லூரி சம்பளம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பலர் இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, "சம்பளத்தைவிடக் கடன் கம்மிதானே" என்று தளத்தை மூடிவிடுகிறார்கள். பில்லிங்கில் முதல் நாளே எனக்குக் கற்றுக்கொடுத்தது, ஒரு தொகையைப் பார்த்தால் அதில் எதெல்லாம் சேராமல் இருக்கிறது என்று கேள் என்பதுதான்.

சம்பளக் கணக்கில் மத்திய அரசின் கல்விக் கடனோ உதவித்தொகையோ வாங்கிய மாணவர்கள் மட்டும்தான் வருகிறார்கள். வேலையில் இல்லாதவர்கள் வருவதில்லை. மேற்படிப்புக்குப் போனவர்களும் வருவதில்லை. மற்ற படிப்புகளில் இது பெரிய வித்தியாசம் செய்யாமல் போகலாம். பப்ளிக் ஹெல்த்தில் ஒரு பெரிய கூட்டமே மருத்துவக் கல்லூரிக்கும், எம்.பி.எச். என்கிற பப்ளிக் ஹெல்த் முதுகலைக்கும் போகிற கூட்டம். அவர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற எண், பட்டத்தோடு நேராக வேலைக்குப் போனவர்களின் எண். உங்கள் பிள்ளை அப்படித்தான் போகப் போகிறது என்றால் இதை நம்பலாம். டாக்டர் ஆகப் போகிறது என்றால் இந்த எண் உங்களுக்கு உதவாது.

கடன் கணக்கில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே முதலில் கண்ணில் படுகிற தொகை மாணவர் தன் பெயரில் வாங்கிய மத்தியக் கடன் மட்டும். வங்கியில் வாங்கிய தனியார் கடன் அதில் இல்லை. அப்பா, அம்மா பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனும் அதில் சேராது. தன் பெயரில் நான்கு வருடத்துக்கு 5,500, 6,500, 7,500, 7,500, ஆக மொத்தம் 27,000 டாலருக்கு மேல் சாதாரணமாக ஒரு மாணவரால் வாங்கவே முடியாது. அதனால்தான் வருடத்துக்கு 80,000 கேட்கிற கல்லூரியிலும், 18,000 கேட்கிற கல்லூரியிலும் கடன் கட்டத்தில் ஏறக்குறைய ஒரே எண் தெரிகிறது. வித்தியாசம் முழுக்க பெற்றோர் தலையில் இருக்கிறது, அந்தத் தலை படத்தில் இல்லை.

சின்னக் குறிப்பு: மாணவர் எண்ணிக்கை குறைவாக உள்ள படிப்புக்கு எண்ணே காட்டமாட்டார்கள். ஒரே படிப்பு சில கல்லூரிகளில் "கம்யூனிட்டி ஹெல்த்" என்றோ "ஹெல்த் சயின்ஸ்" என்றோ வேறு பெயரில் ஒளிந்திருக்கும். படிப்பு முடித்து எத்தனை வருடம் கழித்து எடுத்த சம்பளம் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பதையும் படியுங்கள். ஒன்றில் ஒரு வருடம், இன்னொன்றில் ஐந்து வருடம் என்று இருக்கிற இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

அந்தக் கடிதம்

பிரசுரம் அனுப்பிய அதே தனியார் கல்லூரி ஏப்ரல் நடுவில் நிதியுதவிக் கடிதமும் அனுப்பியது. பெயர் வேண்டாம். கடிதம் இப்படி இருந்தது:

ஓராண்டு மொத்தச் செலவு: 82,000
கல்லூரி மானியம்: 38,000
மாணவர் மத்தியக் கடன்: 5,500
வளாக வேலை: 3,000
பேரன்ட் பிளஸ்: 35,500
நீங்கள் செலுத்த வேண்டிய மீதி: 0

அவள் அப்பா அந்தக் கடைசி வரியைப் பார்த்துவிட்டு, "பூஜ்யமாம்!" என்று முகம் மலர்ந்து என்னிடம் நீட்டினார். ஒரு நிமிடம் நானும் நம்பினேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்புறம் ஐந்தாவது வரிக்குத் திரும்பினேன். "உதவி" என்று தலைப்புப் போட்ட பட்டியலில் நாங்கள் வாங்க வேண்டிய 35,500 டாலர் கடனையும் சேர்த்திருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு நோயாளியின் பில்லில், அவர் கிரெடிட் கார்டில் தேய்க்கப் போகிற தொகையை "இன்சூரன்ஸ் தள்ளுபடி" என்று நான் எழுதினால் அன்று மாலையே வேலை போய்விடும்.

கடிதம் வந்ததும் இப்படிச் செய்யுங்கள். பேனாவை எடுத்து, திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத வரிகளை மட்டும் வட்டமிடுங்கள். மானியம், ஸ்காலர்ஷிப், அவ்வளவுதான். வளாக வேலை என்பது பிள்ளை வேலை செய்தால் வருகிற கூலி, முன்கூட்டிக் கையில் வராது, அதற்கு வட்டம் வேண்டாம். மொத்தச் செலவிலிருந்து வட்டமிட்டதைக் கழியுங்கள். எங்கள் கடிதத்தில் 82,000 கழித்தல் 38,000, மிச்சம் 44,000. அதுதான் அந்தக் கல்லூரியின் உண்மையான விலை, ஒரு வருடத்துக்கு.

பேரன்ட் பிளஸுக்கு 2025-26 ஆண்டில் வட்டி 8.94 சதவீதம். போதாதென்று கடன் தரும்போதே 4.228 சதவீதம் கட்டணம் பிடித்துக்கொள்கிறார்கள். 35,500 டாலர் கடன் என்றால் முதல் நாளே சுமார் 1,500 போயிற்று. அதே தொகையை நான்கு வருடம் வாங்கினால் 1,42,000. பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 1,800 டாலர், படிக்கும் காலத்தில் ஏறுகிற வட்டியைச் சேர்க்காமலே. அவள் அப்பாவுக்கு இப்போது 51 வயது. எந்த வயது வரை கட்ட வேண்டியிருக்கும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அப்புறம் அந்தக் கல்லூரியின் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

இனி புதிதாகச் சேர்பவர்களுக்கு விதி மாறுகிறது. 2026 ஜூலை 1 முதல் பேரன்ட் பிளஸ் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் வரைதான். நல்லதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் மீதிக்குத் தனியார் கடன் வாங்கச் சொல்லி யாராவது படிவத்தை நீட்டுவார்கள், உஷார். புதிதாக வாங்கும் பேரன்ட் பிளஸுக்கு, வருமானத்துக்கு ஏற்ப தவணையைக் குறைத்துக் கட்டுகிற திட்டமும் கிடையாது.

மாதக் கணக்கு

வருடச் சம்பளத்தையும் மொத்தக் கடனையும் பக்கத்தில் வைத்தால் எதுவும் உறைக்காது. மாதத்துக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் கணக்கை பட்டேல் கடையில் கொடுத்த நாட்காட்டியின் பின்பக்கம் மகளையே எழுதச் சொன்னேன். நான் எழுதியிருந்தால் அது அம்மாவின் புலம்பல் ஆகியிருக்கும்.

46,000 டாலர் சம்பளம் என்றால் மாதம் 3,833. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர், மத்திய வரி, மாநில வரி எல்லாம் போக 3,150 பக்கம். இன்சூரன்ஸ் பிடித்த பிறகு கைக்கு 3,000. இந்தப் பக்கம் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து வீடு எடுத்தால் வாடகை 1,200, கார் தவணையும் இன்சூரன்ஸும் பெட்ரோலும் 550, சாப்பாடு 400, போன், துணி, சோப்பு என்று 150. மீதி 700. தன் பெயரில் 27,000 கடன் இருந்தால், 6.39 சதவீத வட்டியில் பத்து வருடத் தவணை 305 டாலர். மிச்சம் 395. மகள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சேமிப்பு எங்கேம்மா?" என்றாள். அதுதான் சேமிப்பு என்றேன். "கல்யாணத்துக்குப் போக டிக்கெட்?" அதுவும் அதுதான்.

என் கோடு இது: பிள்ளை கடன், பெற்றோர் கடன் இரண்டையும் சேர்த்து, முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. பப்ளிக் ஹெல்த்துக்கு அது 45,000 டாலரைச் சுற்றித்தான் வரும். அதற்குள் முடியும் என்றால் தைரியமாகச் சேருங்கள். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைக்கு வேறு கோடு போடலாம். விரலுக்கேற்ற வீக்கம்தான்.

இந்தப் படிப்புக்கு ஒரு அனுகூலமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. 2007இல் வந்த பொதுச் சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்தில், அரசிலோ பதிவு பெற்ற லாப நோக்கற்ற அமைப்பிலோ முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டு 120 தவணை கட்டினால் மீதி மத்தியக் கடன் தள்ளுபடி ஆகும். கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறை, பெரும்பாலான மருத்துவமனைகள், அறக்கட்டளைகள் எல்லாம் இதில் வரும். பப்ளிக் ஹெல்த் படித்தவர் சேருகிற இடங்கள் பலவும் இவைதான். 2026 ஜூலை முதல் வரும் புதிய தவணைத் திட்டத்தில் 46,000 வருமானத்துக்கு 4 சதவீதம், அதாவது மாதம் 153 டாலர் கட்டினால் போதும். தள்ளுபடிக்குப் போகாதவர்களுக்கு அது 30 வருடம் வரை இழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். முதல் வருடத்திலிருந்தே முதலாளியிடம் கையெழுத்து வாங்கிப் படிவம் போட்டுவையுங்கள். பத்தாவது வருடம் பழைய மேலாளரைத் தேடி அலையக் கூடாது.

எம்.பி.எச். என்கிற இரண்டாவது பில்

இளங்கலைச் சம்பளம் போதவில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் சொல்வது, "எம்.பி.எச். பண்ணிடு." சரி, ஆனால் அதுவும் கடன்தான். முதுகலை மாணவர்களுக்குச் செலவு முழுவதற்கும் கடன் தந்துகொண்டிருந்த கிராட் பிளஸ் 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்குக் கிடையாது. மத்தியக் கடன் வருடத்துக்கு 20,500தான். அதனால் இளங்கலையிலேயே கையிருப்பைக் கரைத்துவிட்டால் எம்.பி.எச்.சுக்குக் கையில் ஒன்றும் இருக்காது. இரண்டு படிப்பையும் சேர்த்து ஒரே பில்லாகப் போட்டுப் பாருங்கள். ஊழியர்களின் படிப்புச் செலவில் ஒரு பங்கைத் தரும் மருத்துவமனைகள் இருக்கின்றன. முதலில் அங்கே நுழைந்து, வேலை பார்த்துக்கொண்டே மாலையில் எம்.பி.எச். படிப்பது எனக்குப் பிடித்த வழி. மகளுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. நாலு வருடத்தில் யார் மனம் மாறுகிறது என்று பார்ப்போம்.

வேலைச் சந்தை இப்போது சுமார்தான். கோவிடுக்கு முன்பிருந்தே இந்தப் படிப்புக்கு மவுசு கூடிக்கொண்டு வந்தது. 2020இல் மட்டும் அமெரிக்காவில் 18,000 பேருக்கு மேல் பப்ளிக் ஹெல்த் இளங்கலை முடித்தார்கள். 2025இல் மத்திய சுகாதாரத் துறை பத்தாயிரம் பேரைக் குறைப்பதாக அறிவித்தது. மாநிலங்களுக்குத் தந்துவந்த கோவிட் கால நிதியில் 1,100 கோடி டாலருக்கு மேல் நிறுத்துவதாகவும் சொன்னது. மாநில, கவுண்டி அலுவலகங்களில் அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்து வேலை போனவர்கள் இப்போது உங்கள் பிள்ளையோடு அதே வேலைக்கு விண்ணப்பிப்பார்கள், அனுபவத்தோடு. மகளிடம் இதை மறைக்கவில்லை. அவள் ஏற்கெனவே படித்திருந்தாள்.

கடைசியில் எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் சேர்ந்தாள். நியூ பிரன்ஸ்விக்கில் உள்ள அதன் புளூஸ்டைன் என்ற கல்விப் பிரிவில் பப்ளிக் ஹெல்த் இளங்கலை இருக்கிறது. எடிசனிலிருந்து ரயிலில் அடுத்த ஸ்டேஷன். ஹாஸ்டல் இல்லை, வீட்டுச் சாப்பாடு, கல்விக் கட்டணமும் மற்ற கட்டணங்களும் சேர்த்து வருடத்துக்கு 18,000 பக்கம். 5,500 அவள் கடன், மீதி எங்கள் சம்பளத்தில் மாதாமாதம். அதுவும் முடியாதவர்கள் கவுண்டி கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு மாறிக்கொள்ளலாம். பள்ளி வகுப்பில் முதல் 15 சதவீதத்தில் வந்த பிள்ளைகளுக்கு நியூ ஜெர்சி ஸ்டார்ஸ் திட்டத்தில் அங்கே கல்விக் கட்டணமே கிடையாது. எங்கள் மகள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, நாங்களும் அழுத்தவில்லை. ஹாஸ்டல் இல்லை என்று இரண்டு வாரம் எங்களோடு பேசாமல் இருந்தாள் என்பதையும் செலவுக் கணக்கில் எழுதிவைத்திருக்கிறேன்.

இந்தக் கோடைக்கு ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள், மணிக்கு 18 டாலர். நியூ ஜெர்சியில் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கவுண்டிதோறும் கொசு ஒழிப்புக்கென்று ஆட்கள் உண்டு. தேங்கின தண்ணீரில் புழு இருக்கிறதா என்று கரண்டியால் மொண்டு பார்க்கிற வேலை. மாமனாருக்குப் போனில் சொன்னேன். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றார்.